பரணில் வைத்த பால் டின்

மகளைப் பெற்றதும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தேன். அம்மா போன பிறகு எனக்கு அக்காதான் அம்மா. என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. ஃபோனில் மகளைப் பார்த்து, "மூக்கு உன்னுது, கோபம் என்னுது" என்பார். அதற்குள் சிக்னல் போய்விடும். அவர் கரைக்கு வர இன்னும் மாதங்கள் இருந்தன.

முதலில் அக்கா வீட்டைச் சொல்லிவிடுகிறேன். முன்னறை தையல் கடை. ஒரு பெரிய வெட்டு மேசை, இரண்டு மெஷின், சுவர் முழுக்க ஹாங்கரில் தொங்கும் பள்ளிச் சீருடைகள். மேலே பரண், அதில் துணிக்கட்டுகள். நடு அறையில் நானும் குழந்தையும். நடுவில் ஒரு திரைதான் மறைப்பு என்பதால் கடையில் பேசுவது எனக்குக் கேட்கும், நான் முனகுவது கடைக்குக் கேட்கும். பின்னால் சமையலறை, அதை ஒட்டி அக்கா குடும்பம் படுக்கும் அறை.

அக்கா தைப்பது சீருடை மட்டும்தான். பிள்ளையை முன்னால் நிறுத்தி, டேப்பைப் பிடித்து, "தோள், கை, மார்பு, இடுப்பு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவாள். பக்கத்தில் யார் இருந்தாலும் எழுதிக்கொள்ள வேண்டும். வேலையில் அப்படி ஒரு கறார். துணி ஒரு நிறம், நூல் ஒரு நிறம் என்று இருந்தால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். நூல்கண்டை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் மாட்டுவாள். வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, "பட்டன் தைக்கத்தானே அக்கா, யாரு பார்க்கப் போறா?" என்று கேட்டு, அன்று மத்தியானம் வரை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அத்தானுக்குப் பெட்ரோல் பங்க்கில் வேலை. "ஃபுல்லா?" என்று கேட்டுக் கேட்டு அது அவர் வாயில் ஊறிவிட்டது. வீட்டிலும் யார் தட்டைப் பார்த்தாலும் கை தானாகக் கரண்டிக்குப் போகும். கொஞ்சம் இடம் காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

"போதும் அத்தான், நான் என்ன லாரியா?" என்பேன்.

"பச்சை உடம்புக்காரி. ரெண்டு பேருக்குச் சாப்பிடணும். பேசாம சாப்பிடு."

இவர்கள் மகள் எட்டாவது படிக்கிறாள். அத்தான் அவளை இன்ஸ்பெக்டர் என்பார், நாங்களும் அப்படித்தான். கேஸ் மூடியிருக்கிறதா, வாசல் பூட்டியிருக்கிறதா, யார் சோப்பைத் தண்ணீரில் போட்டது, எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் படுப்பாள். "கொஞ்சம் பூசினாற்போல இருப்பா" என்று சொல்லிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். உண்மையைச் சொன்னால், அவள் வகுப்பிலேயே பருமனான பெண் அவள்தான். படியேறினால் மூச்சு வாங்கும். ஆனால் அவள் சிரித்தால் வீட்டில் ஒரு விளக்கு கூடுதலாகப் போட்ட மாதிரி இருக்கும்.

என் மகளுக்கு அவள்தான் சுண்டெலி என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, பையைக்கூட இறக்காமல் தூக்கிக்கொள்வாள்.

"சித்தி, இன்னைக்கு சுண்டெலி என்னென்ன பண்ணினா? ரிப்போர்ட் குடு."

"அழுதா, தூங்கினா, என் மடியை நனைச்சா."

"சரி. ஒழுங்காத்தான் வேலை பார்த்திருக்கா."

அவள் தோளில் போட்டால்தான் குழந்தை சட்டென்று அடங்கும். என் தோள் எலும்பு. அவள் தோள் மெத்தை. அப்படித்தான் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நான் வந்த அன்றே ஒரு காரியம் நடந்தது. என் நாத்தனார் முன்யோசனையாக ஒரு பால் டின்னும் புட்டியும் என் பையில் வைத்து அனுப்பியிருந்தாள். துணிகளை எடுத்து அடுக்கும்போது அக்கா கையில் அது அகப்பட்டது. மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணில் துணிக்கட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினாள்.

"இந்த வீட்டுல இன்னொரு தடவை புட்டி கிடையாது" என்றாள்.

"இன்னொரு தடவை" என்று ஏன் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் பிறந்தபோது அக்காவுக்கு ஆபரேஷன் புண் சீழ் பிடித்து, ஜுரம் இறங்காமல் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு திரும்பும்போது பால் வற்றிவிட்டது. அத்தான்தான் லீவு போட்டுப் புட்டிப்பால் கலந்து கொடுத்து வளர்த்தார். அது ஒரு குறை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை பிழைத்தது, தாய் பிழைத்தாள், அதுவே பெரிது.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை பார்த்தார்கள். அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்ததாம். தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வர வாய்ப்புக் குறைவு என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழேயே உட்கார வைத்து, "தாய்ப்பால் எவ்வளவு நாள் குடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். படிவத்தில் வரும் வழக்கமான கேள்விதான். அக்காவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

அன்றிலிருந்து அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை நான் வந்த பிறகுதான் பார்த்தேன். ஒரு நாள் காலை இன்ஸ்பெக்டர் குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய பள்ளி ஸ்கர்ட்டை அக்கா மெஷினில் போட்டு, இடுப்புப் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியிலிருந்து கொஞ்சம் விட்டு, கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ஸ்கர்ட் கொடியில் தொங்கியது. நான் திரையை விலக்கிப் பார்ப்பதைக் கண்டு, விரலை வாயில் வைத்தாள்.

பிறகு குசுகுசுவென்று சொன்னாள். "துணி இறுகினாத்தானே உடம்பு ஏறுதுன்னு தெரியும்? அவளுக்குத் தெரிய வேணாம். கண்ணாடி முன்னாடி நின்னு அழறதுக்கு அவ என்னடி பாவம் பண்ணினா? பண்ணினது நான்."

"நீ என்னக்கா பண்ணினே? செத்துப் பிழைச்சு வந்தே."

"குடுக்க வேண்டியதைக் குடுக்கலையே."

மகளுக்கு அளவெடுத்தே ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றாள். டேப்பைப் பிடித்தால் வாய் தானாக எண்ணைச் சொல்லிவிடுமாம். அதனால் பிடிப்பதே இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பால் வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. ஆனால் சுண்டெலி காம்பை நுனியில் கவ்வி, இழுத்து, புண்ணாக்கிவிட்டு, அந்த அலுப்பிலேயே தூங்கிப்போவாள். எழுந்தால் மறுபடி அழுகை. ஒவ்வொரு தடவையும் அவளை நெஞ்சருகே கொண்டுவரும்போது என் கால்விரல்கள் வலியில் மடங்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே, "விடாதே, விடாதே, என் தங்கமில்ல" என்பாள். கோபித்துக்கொள்ளவும் முடியாது, அவ்வளவு அன்பு.

சின்ன கிளினிக் ஒன்று தெரு முனையில் இருந்தது. அக்காவும் நானும் போனோம். நர்ஸம்மா குழந்தையைத் தராசில் போட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"பிறந்தப்ப இருந்த எடைக்கே இன்னும் வரல. டாக்டர் நாளன்னைக்கு வருவாங்க, அப்ப கண்டிப்பா வாங்க. அதுவரைக்கும் மார்ல போடுறதை நிறுத்தாதீங்க. பீய்ச்சின பாலைக் குடுங்க. அதுவும் போதலைன்னா டின் பால் கொஞ்சம் சேர்த்துக்குங்க."

அக்கா காதில் "மார்ல போடுறதை நிறுத்தாதீங்க" என்பது மட்டும்தான் விழுந்தது. மிச்சம் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பீய்ச்சிப் பார்த்தேன். புண்ணிலிருந்து ரத்தம்தான் கலந்து வந்தது. கடையில் ஆள் இல்லை. வெட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, துணி வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கெஞ்சினேன்.

"அந்த டின்னை எடுத்துக் குடுக்கா. நர்ஸே சொல்லிட்டாங்க."

"நாளன்னைக்குத்தானே டாக்டர் வர்றாங்க? பல்லைக் கடிச்சுக்கோ."

"நான் கடிச்சுக்குவேன். அவளுக்குப் பல்லே இல்லையேக்கா!"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

"ஒரு தடவை புட்டி பழகிட்டா அப்புறம் மார்ல வாயே வைக்காது. பிறகு காலம் பூரா உட்கார்ந்து அழணும். என் பிள்ளையைப் பார்க்கிறேல்ல? நான் அவளைக் கெடுத்தது போதாதா? உன் பிள்ளையும் அப்படி ஆகணுமா?"

வாசலில் ஏதோ தரையில் உராய்ந்தது. பள்ளிக்கூடப் பையின் அடிப்பக்கம். இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள். ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். அதைக் கீழே வைத்தாள், மற்றதையும் கழற்றி அதோடு ஜோடி சேர்த்தாள். எங்களைக் கடந்து உள்ளே போனாள். கையைக் கழுவவில்லை. குழந்தையைத் தூக்கவில்லை.

அக்கா கையிலிருந்த கத்தரி கோட்டைத் தாண்டித் துணியின் நடுவில் போய் நின்றது. அந்த வாரம் முழுக்க அவள் கெடுத்த ஒரே துணி அதுதான்.

அன்று சாப்பிடும்போது இன்ஸ்பெக்டர் பாதியில் தட்டைத் தள்ளினாள். அத்தானுக்கு எதுவும் தெரியாது.

"என்ன இன்ஸ்பெக்டர், டேங்க் பாதிதானே ஏறியிருக்கு?"

"போதும்பா."

"ஒரே ஒரு கரண்டி. அப்பாவுக்காக."

"அதான் போதும்னு சொல்றேன்ல!" என்று எழுந்து போய்விட்டாள். அத்தான் கரண்டியைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனாள்.

மறுநாள் விடுமுறை. அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு பின்னறையிலேயே இருந்தாள். காலையிலும் ஒரு வாழைப்பழம்தான். அக்கா மூன்று தடவை கதவு வரை போய்த் திரும்பினாள். என்ன சொல்வது? தான் பேசினது பொய்யென்று சொல்ல முடியாது, நம்பித்தான் பேசினாள். மெய்யென்றும் சொல்ல முடியாது, சொன்னால் பிள்ளையின் முகத்தில் அடிப்பதாகும்.

மத்தியானம் சுண்டெலி அழத் தொடங்கினாள். முதலில் பலமாக. பிறகு குரல் மெலிந்தது. பூனைக்குட்டி தூரத்தில் கத்துகிற மாதிரி. மார்பில் வைத்தால் கவ்வக்கூடத் தெம்பில்லை, நெஞ்சில் கன்னத்தை வைத்து விக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தான் மதிய ஷிஃப்ட்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், பாதிப் பட்டனோடு திரைக்கு வெளியே நின்றார். அக்கா என் பக்கத்தில் நின்றாள். ஒரு கை என் தோளில். இன்னொரு கை தன் வாயைப் பொத்திக்கொண்டு.

முன்னறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

திரையை விலக்கினேன். இன்ஸ்பெக்டர் மெஷின் ஸ்டூல் மேல் ஏறி, பரணின் விளிம்பைப் பிடித்து எக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூல் ஆடியது. அத்தான் ஓடிப் போய் அதைப் பிடித்துக்கொண்டார். துணிக்கட்டு ஒன்று சரிந்து அவர் தலையில் விழுந்தது.

"இறங்குடி! எடுக்காதே!" என்றாள் அக்கா. சொன்னாளே தவிர, நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். முகமெல்லாம் தூசி. கண்ணீர் அதில் கோடு போட்டிருந்தது.

"சுண்டெலி என்னை மாதிரி ஆனா ஆகட்டும்மா. இப்படிப் பசியில அழ வேணாம்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஸ்கர்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா போனபோதுகூட அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"என்னை மாதிரி ஆனான்னு சொல்லாதடி. உன்னை மாதிரி ஆக யாருக்குக் குடுத்து வச்சிருக்கு?"

"நீதானே சொன்னே" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, ஒரு தகவல் மாதிரிச் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

"நான் என்னைச் சொன்னேன்டி. உன்னைச் சொல்லல."

"எனக்கு அப்படிக் கேட்கலையே."

அத்தான்தான் நிலைமையைக் கையில் எடுத்தார். "அழுறவங்க அழுதுகிட்டே நகருங்க, எனக்கு அடுப்பு வேணும்" என்றார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, புட்டியையும் அதில் போட்டு எடுத்து, ஆறவைத்துப் பாலைக் கலந்தார். இத்தனை வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார், தலையாட்டினார். சுண்டெலியை மடியில் சாய்த்துக்கொண்டார். அவள் முதலில் திணறினாள், பிறகு கண்ணை அகல விரித்துக் குடிக்கத் தொடங்கினாள். அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

இன்ஸ்பெக்டர் அத்தானுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நானும் இப்படித்தான் குடிச்சேனாப்பா?"

"நீயா? நீ ராஜாத்தி மாதிரி குடிப்பே. நடுவுல தூங்கிடுவே. நான் விடுவேனா? கன்னத்தைத் தட்டி, ரப்பரை ஆட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் ஏத்திட்டுத்தான் மறுவேலை. உங்கம்மா ஆஸ்பத்திரியில கேட்பா, 'பிள்ளை குடிச்சாளா?'ன்னு. 'ஃபுல்லு'ன்னு சொல்லணும். அதைக் கேட்டாத்தான் அவ தூங்குவா."

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தவர், தன் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். சுண்டெலி ரப்பரை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இவர் விரல் தானாகக் கன்னத்தைத் தட்டப் போயிருந்தது.

"அப்பா. அவ போதும்ங்கிறா."

"கொஞ்சம்தான் மிச்சம்மா..."

"அப்பா."

விரல் பின்வாங்கியது. புட்டியின் அடியில் நின்ற பாலை அத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதி டேங்க்கோடு வண்டியை அனுப்பிவைக்கிறவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் கீழே வைத்துவிட்டார்.

அன்று அவர் வேலைக்குத் தாமதம். ஏன் என்று பங்க்கில் கேட்டால் என்ன சொல்வார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். "சின்ன வண்டி ஒண்ணு வந்துச்சுன்னு சொல்றேன்" என்றார். ஒரு நாளைக்குப் பிறகு அவள் அப்போதுதான் சிரித்தாள்.

டாக்டரம்மா வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் குழந்தையோடு போனோம். நர்ஸம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டெலியின் வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பு மட்டுமல்ல, அதைச் சுற்றிய கறுப்புப் பகுதியும் உள்ளே போகிற மாதிரி அணைத்து வைத்துக் காட்டினாள். என் கால்விரல் மடங்கவில்லை. அட, இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பால் தேறும்வரை மார்பில் கொடுத்த பிறகு கொஞ்சம் புட்டி, பிறகு மெதுவாகக் குறைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் நகரவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேட்கணும். நான் புட்டிப்பால் குடிச்சதாலதான் குண்டா இருக்கேனா?"

அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? ஆயிரம் ஆயிரம் பிள்ளைகளை ரெண்டு வரிசையா நிறுத்திப் பார்த்திருக்காங்க. தாய்ப்பால் குடிச்ச வரிசையில பருமனான பிள்ளைங்க கொஞ்சம் குறைவு. அதனாலதான் உங்க சித்தியை இவ்வளவு பாடுபடுத்துறோம். ஆனா வரிசையிலேர்ந்து ஒரு பிள்ளையைத் தனியா இழுத்து, 'நீ இதனாலதான் இப்படி'ன்னு சொல்ல எனக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் தெரியாது. பரம்பரை உடல்வாகு இருக்கு, சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, எத்தனையோ இருக்கு. புட்டி குடிச்சு ஒல்லியா இருக்கிறவங்களும் உண்டு. தாய்ப்பால் குடிச்சுட்டு என்னை மாதிரி இருக்கிறவங்களும் உண்டு" என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடை கூடத்தான் இருக்கு. பார்க்கணும். ஆனா பட்டினி மட்டும் கிடக்காதே, வளர்ற வயசு. உனக்கு மட்டும் தனிச் சாப்பாடும் வேணாம், வீடே சேர்ந்து மாத்துங்க." பிறகு அக்காவைப் பார்த்தார். அவளுடைய ஜுரக் கதையை நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். "நீங்க ஜுரத்துல கிடந்தப்ப அந்தப் புட்டி இல்லேன்னா இந்தக் கேள்வியைக் கேட்க இவ இருந்திருக்க மாட்டா. அதை மறந்துட்டீங்க போலிருக்கு."

அக்கா தெருவில் நடந்து வரும்போது மகளுடைய கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அவள் கொடுக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த மருந்துப் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சுண்டெலியைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது.

"அம்மா, இந்த ஸ்கர்ட்டை இனிமே பிரிக்காதே."

மெஷின் நின்றது.

"உள்ள விடுறதுக்குத் துணியே இல்லை, பார்த்தியா? ஓரத்துக்கு வந்துட்டே."

"உனக்கு... எப்போலேர்ந்து தெரியும்?"

"போன வருஷத்துலேர்ந்து. நூலு. பழைய தையல் வெளுத்திருக்கு, நீ போட்டது கருநீலம். எனக்குத் தெரியாம செய்யற அவசரத்துல நீ நூலைக்கூட வெயில்ல பார்க்கல. ஊரையே திட்டுவே நீ."

நான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். அக்கா அந்த ஸ்கர்ட்டைப் புரட்டி, தன் தையலையே முதன்முதலாகப் பார்ப்பவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நீ சந்தோஷமா செஞ்சே. நான் குளிக்கும்போது பாட்டுக்கூடப் பாடுவேன், உனக்கு நேரம் கிடைக்கட்டும்னு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். உருவிவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வெட்டு மேசைக்கு முன்னால் வந்து, மற்ற பிள்ளைகள் நிற்கிற இடத்தில் நின்று கையை விரித்தாள். "அளவெடும்மா. சத்தமாச் சொல்லு, எல்லாருக்கும் சொல்ற மாதிரி. சித்தி எழுதிக்குவாங்க."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு மேசையோரம் போய் நின்றேன். முதல் எண்ணை அக்கா வாய்க்குள் முணுமுணுத்தாள். இரண்டாவது கொஞ்சம் தெளிவாக வந்தது. இடுப்புக்கு வந்தபோது டேப்பைச் சுற்றிப் பிடித்து, ஒரு நிமிஷம் மகளின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு, பிறகு நிமிர்ந்து தெளிவாகச் சொன்னாள். நான் எழுதினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"லூஸ் விடவா?" என்று பழக்கத்தில் கேட்டாள் அக்கா.

"வேணாம். சரியாத் தை. மாறினா மறுபடி அளவெடுக்கலாம்."

நடு அறையில் சுண்டெலி சிணுங்கினாள். நான் திரும்புவதற்குள் இன்ஸ்பெக்டர் கையைக் கழுவப் போயிருந்தாள். இடுப்பில் இன்னும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கே வந்தாள்.

"சித்தி, பசியில்லை இவளுக்கு. ஆள்தான் வேணுமாம்" என்றாள்.

அக்கா நூல்கண்டை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனாள்.